ஒரு ஸ்பூன் மருந்தும் ஒரு பிடி மணலும்

சம்பா நட்டு நாற்பது நாள் ஆன சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் எதற்காவது போய் வரப்பில் நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பட்டை விரித்துப் போட்டாற்போல் பயிர். எதிர்ப்படுகிறவர்கள் க்ஷேம சமாசாரம் விசாரிப்பதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு.

"என்ன மாமா, மருந்து அடிச்சாச்சா?"

"நேத்தே அடிச்சாச்சு, தம்பி. இலைச்சுருட்டு கண்டிருந்துது. விட்டு வைக்க முடியுமா?"

விஷயம் தெரியாத பட்டணத்து மனிதர் இதைக் கேட்டால், வயலுக்கு ஏதோ காய்ச்சல் வந்திருக்கிறது போலிருக்கிறது, பாவம், வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கொள்வார். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! பூச்சிக்கு அது விஷம். பயிருக்கு மருந்து. நமக்கு என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

காவிரிப் பாசனத்துக்கு இந்த மருந்து பெரிய அளவில் வந்து சேர்ந்தது 1960-க்குப் பிறகு. அந்த வருஷத்தில் 'பேக்கேஜ் திட்டம்' என்று ஒன்று தொடங்கியது. அதற்காக இந்தியாவில் முதன் முதலாகப் பொறுக்கி எடுத்த ஏழு ஜில்லாக்களில் அன்றைய தஞ்சை ஜில்லாவும் ஒன்று. நல்ல விதை, ரசாயன உரம், பூச்சி மருந்து, கடன், யோசனை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விவசாயியின் கையில் கொடுப்பது அதன் நோக்கம். சில வருஷங்களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் வந்து குறுவையில் வெளுத்து வாங்கியது. களம் நிறைந்தது. ஆனால் உரம் போட்டுக் கொழுகொழுவென்று பயிர் வளர்ந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் விவசாயி மட்டும் அல்லவே! குருத்துப்பூச்சி, ஆனைக்கொம்பன், இலைச்சுருட்டுப் புழு, புகையான் என்று ஒரு பட்டாளமே பந்திக்கு வந்தது. அதை விரட்ட டி.டி.டி., எண்ட்ரின், பாலிடால் என்று இன்னொரு பட்டாளம்.

அந்தப் பழைய பட்டாளத்தில் பலவற்றை இப்போது ஓய்வு கொடுத்து அனுப்பி விட்டார்கள். டி.டி.டி.யை வயலில் உபயோகிக்க 1989-ல் தடை வந்தது. கேரளத்தில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்து, பிறகு நாடெல்லாம் பேச்சாகிப் போன எண்டோசல்பானை, 2011 மே 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று அந்த ஆசனத்தில் வந்து உட்கார்ந்து கொள்கிறது. அப்படி உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் குளோர்பைரிபாஸ். பூச்சியின் நரம்புகளை இழுத்துப் பிடித்துக் கொல்வது அதன் வேலை. மனிதனுக்கும் நரம்பு இருக்கிறது என்ற காரணத்தால் ஐரோப்பிய நாடுகள் 2020-ல் அதை விலக்கின. 2025 மே மாதத்தில், நாட்பட நிலைத்திருக்கும் விஷங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் சில விலக்குகளோடு அது சேர்க்கப்பட்டது.

விவசாயியைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. நாலு மா நிலத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர், புகையான் ஒரு வாரத்தில் வயலை வைக்கோல் போராக்கி விடும் என்று தெரிந்த பிறகு, கையைக் கட்டிக் கொண்டு நிற்க முடியாது. நாம் பார்க்க வேண்டியது அடித்த மருந்து எங்கே போகிறது என்பதைத்தான்.

ஸ்பிரேயரிலிருந்து புறப்படுவதெல்லாம் பூச்சியின் தலையிலேயே போய் விழுவதில்லை. இலையில் கொஞ்சம், மண்ணில் கொஞ்சம், பயிரின் காலடியில் நிற்கும் தண்ணீரில் கொஞ்சம். டெல்டாவிலோ தண்ணீருக்கு வேலி கிடையாது. மேல் வயலின் மடை திறந்தால் கீழ் வயல், அதன் மடை திறந்தால் வடிகால், அந்த வடிகாலே இரண்டு மைலுக்கு அப்பால் இன்னொரு ஊருக்குப் பாசன வாய்க்கால். சம்பாவுக்கு மருந்தடிக்கும் காலத்திலேயே ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் வந்து சேர்ந்து கொள்கிறது. கல்லணையில் பிரிந்த தண்ணீர் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை விட்டுக் கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை வயலைக் கழுவிக் கொண்டு போகிறதோ! மருந்தில் பெரும்பகுதி சேற்றைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். வெயிலும் மண்ணிலுள்ள கிருமிகளும் நாளடைவில் அதைச் சிதைக்கும். அது நம் அதிர்ஷ்டம். சேற்றோடு போகாத மிச்சம்தான் குளத்துக்கும் கிணற்றுக்கும் வழி தேடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், மனக்கணக்குதான்.

குடிக்கிற தண்ணீரில் ஏதாவது ஒரு பூச்சி மருந்து லிட்டருக்கு 0.1 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. மைக்ரோ கிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரே ஒரு கிராம் விஷம் எவ்வளவு தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு வரும்? ஒரு கோடி லிட்டர்! இரண்டரை ஏக்கர் பரப்புள்ள குளம், இடுப்பளவு தண்ணீர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதுதான் ஒரு கோடி லிட்டர்.

சரி, ஒரு கிராம் விஷம் என்பது எவ்வளவு? கடையில் விற்கும் குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. திரவத்தில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சரக்கு இருக்கிறது. ஐந்து மில்லியில் ஒரு கிராம். அதாவது நம் வீட்டில் குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கிறோமே, அந்த ஒரு ஸ்பூன். டப்பாவைக் கவிழ்த்த பிறகும் அடியில் ஒட்டிக் கொண்டிருக்கும் அளவு.

இந்த ஸ்பூனைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுக்க முடியுமா?

நம் பாட்டிமாருக்குத் தெரிந்த உபாயங்கள் உண்டு. ஆற்றில் புது வெள்ளம் வந்து தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து விடுவார்கள். ராத்திரிக்குள் கலங்கல் அடியில் படிந்து விடும். அருமையான யுக்தி. சேற்றில் ஒட்டிய விஷம் சேற்றோடு படியலாம். ஆனால் கரைந்து போன விஷத்துக்குத் தேத்தாங்கொட்டை ஒன்றும் செய்யாது. காவிரி மணலில் ஊற்றுத் தோண்டி அள்ளிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். மணல் தூசியைப் பிடிக்கும், கரைந்ததை விட்டுவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் பூச்சி மருந்தைப் போக்க அதை நம்ப முடியாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது மிச்சத்தில் விஷத்தின் விகிதம் கூடினாலும் கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வடிகட்டி விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தம்ளரில் முக்கி எண்ணைக் காட்டி நம்மை நடுங்க வைப்பார். அந்த 'டி.டி.எஸ்.' மீட்டர் உப்பைத்தான் அளக்கும். பூச்சி மருந்து இருக்கிறதா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரங்களும் படித்த மனிதர்களும் வேண்டும்.

கரைந்த விஷத்தைப் பிடிக்க உலகம் நம்பி வந்த பொருள் கரி. அடுப்புக் கரி அல்ல. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி பாய்ச்சி, உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் விழும்படி செய்த கரி. இதில் ஒரு கிராமை எடுத்து அதன் துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரிக்க முடிந்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும். தஞ்சாவூர்க் கணக்கில் முக்கால் மா! நாலு கிராம் கரி வைத்திருக்கிறவர் ஒரு ஏக்கருக்குச் சொந்தக்காரர் என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம்; வரி கூடக் கிடையாது.

இந்தச் சுவர்களில் விஷம் போய் ஒட்டிக் கொள்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போன்ற உறிஞ்சல் அல்ல இது. புதர் ஓரமாக நடந்தால் நாயுருவிக் காய் வேட்டியின் மேல் வரிசையாக ஒட்டிக் கொள்கிறதே, அந்த மாதிரி. 'பரப்புக் கவர்தல்' என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் சொல்வார்கள். குளோர்பைரிபாஸ் போன்றவைக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. எப்போதடா வெளியேறலாம் என்று காத்திருக்கும். கரியின் பரப்பு கிடைத்ததும் பாய்ந்து பற்றிக் கொள்ளும்.

ஆனால் கரிக்கும் ஓர் அளவு உண்டு. இடம் நிறைந்து விட்டால் புதிதாக வருவதைப் பிடிக்காது. தண்ணீரில் வேறு அழுக்கு இருந்தால் அதற்கும் இடம் கொடுத்து விடும். இதற்கு மேல் ஏதாவது செய்ய முடியாதா என்று யோசித்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் ரசாயனப் பேராசிரியர் டி. பிரதீப். கேரளத்துக்காரர், 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

வெள்ளி, தங்கம் இரண்டும் உயர் குலத்து உலோகங்கள். எதோடும் லேசில் சேராது. பாட்டியின் வெள்ளிக் கும்பா மூன்று தலைமுறையாக அப்படியே இருப்பதன் ரகசியம் அதுதான். அதே வெள்ளியை, ஒரு தலைமயிரின் குறுக்களவில் ஆயிரத்துக்கு மேல் வரிசை கட்டி நிற்கும்படி அத்தனை சின்னத் துகள்களாக ஆக்கினால் அதன் சுபாவமே மாறிப் போகிறது. பிரதீப்பும் அவருடைய மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் இப்படிப்பட்ட வெள்ளித் துகள்களைக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற குளோரின் கலந்த திரவத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளி, குளோரினைப் பிடுங்கிக் கொண்டு வெள்ளிக் குளோரைடு ஆயிற்று. மிஞ்சியது வெறும் கரி! இது 2003-ல் பிரசுரமானது. பல பூச்சி மருந்துகளின் உடம்பிலும் குளோரின் இருக்கிறது அல்லவா? எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நுண்துகள்களை அலுமினா மணிகளின் மேல் ஏற்றித் தண்ணீரை அதன் வழியே விட்டார்கள். மருந்து நின்று விட்டது, தண்ணீர் போயிற்று. யுரேகா போர்ப்ஸ் கம்பெனி அந்த முறையை வாங்கி 2007-ல் வீட்டு வடிகட்டியாகவே கடைக்குக் கொண்டு வந்தது.

'அப்படியானால் வெள்ளிச் செம்பில் தண்ணீர் வைத்தால் போதுமே!' என்று இல்லத்தரசிகள் யாராவது நினைத்தால் அவசரப்பட வேண்டாம். செம்பு வெள்ளிக்கு இந்தக் குணம் கிடையாது. வித்தையெல்லாம் துகளின் சிறுமையில் இருக்கிறது.

வெள்ளி, தங்கம் என்றால் கிராமத்துக் கைப்பம்பில் கட்டி வைக்கக் கட்டுமா? பிரதீப்பும் சௌஜித் சென் குப்தா முதலிய சகாக்களும் 2012-ல் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சிதான், என் அபிப்பிராயத்தில், தஞ்சாவூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. அதற்கு வேண்டிய முக்கியமான சரக்குகள் இரண்டு. ஒன்று சீனி. மற்றொன்று ஆற்று மணல்.

2004-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து விஞ்ஞானிகள் ஆந்த்ரே கைம், நோவோசெலோவ் இருவரும் பென்சிலில் இருக்கும் கிராபைட்டின் மேல் ஒட்டுத் தாளை ஒட்டி ஒட்டி உரித்து, ஒரே ஓர் அணு கனமுள்ள கரித் தகட்டைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கிராபீன். 2010-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை மெல்லிய தகட்டில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்றெல்லாம் கிடையாது, எல்லாமே பரப்பு. விஷத்தைப் பிடிக்க இதைவிட உசத்தியான வலை ஏது? ஆனால் ஒரு சங்கடம். இதைத் தனியாக ஒரு குழாயில் போட்டால் தண்ணீரோடு அடித்துக் கொண்டு போகும். இறுக்கிப் போட்டால் தண்ணீரே போகாது. அரிசி மாவில் தண்ணீர் வடிகட்டுவது போல்தான். அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும்.

சென்னையில் அந்த முதுகெலும்பாக மணலை எடுத்துக் கொண்டார்கள். சீனியைத் தண்ணீரில் கரைத்து, மணலோடு பிசறி, கிளறிக் கொண்டே உலர்த்தினார்கள். பொங்கலுக்குப் பாகு காய்ச்சுகிற யாருக்கும் இதுவரை புரியும். பிறகு காற்றுப் படாமல் நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்து 750 டிகிரி வரை சூடேற்றினார்கள். காற்றில் வைத்திருந்தால் சீனி எரிந்து போயிருக்கும். காற்று இல்லாததால் அதிலிருந்த தண்ணீர்ப் பங்கு வெளியேறி, கரிப் பங்கு மட்டும் ஒவ்வொரு மணலின் மேலும் கிராபீன் ஜாதியைச் சேர்ந்த கறுப்புத் தோலாகப் படிந்தது. பசை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் கந்தக அமிலத்தால் அதை முடுக்கி விட்டார்கள். மணல் தண்ணீருக்கு வழி விட, கறுப்புத் தோல் விஷத்தைப் பிடிக்க, ஆளுக்கொரு வேலை. 'கூட்டுப் பொருள்' என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான்.

இந்தக் கறுப்பு மணல் ஒரு கிராம், 48 மில்லி கிராம் குளோர்பைரிபாஸைப் பிடித்தது. சாதாரணச் செயலூட்டிய கரியை விட இது அதிகம் என்று கண்டார்கள். பிடித்ததைத் தகுந்த திரவத்தால் அலம்பி எடுத்து விட்டு மணலை மறுபடி உபயோகிக்கவும் முடிந்தது.

இப்போது நம் ஸ்பூனுக்கு வருவோம். ஸ்பூனில் இருந்தது ஒரு கிராம் விஷம். அதைப் பிடிக்க எத்தனை மணல் வேண்டும்? ஆயிரத்தை நாற்பத்தெட்டால் வகுத்தால் 21 கிராம். ஒரு பிடி கூட இல்லை! பிரச்னை தீர்ந்தது என்று தோன்றுகிறதா?

அங்கேதான் சூட்சுமம். பிடிக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. பிடிக்க வேண்டிய விஷம் ஒரு கோடி லிட்டரில் ஒளிந்து கொண்டிருக்கிறது. அத்தனை தண்ணீரும் அந்த மணலைத் தொட்டுக் கொண்டு போக வேண்டும். ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு இருபது லிட்டர் என்று வைத்து, அந்தக் குளத்தை வடிகட்டிக் கொண்டே போனால் ஏறக்குறைய 1370 வருஷம் ஆகும். 1010-ல் ராஜராஜன் பெரிய கோவிலுக்குக் குடமுழுக்குச் செய்த நாளில் ஆரம்பித்திருந்தால் இன்னும் முன்னூறு வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கும். தவிர, 48 மில்லி கிராம் என்பது ஆராய்ச்சி சாலையில் நிறைய விஷம் கலந்த தண்ணீரில் கிடைத்த கணக்கு. விஷம் அணுவளவே உள்ள தண்ணீரில் எந்தப் பொருளும் அத்தனை நிறைவாகப் பிடிப்பதில்லை.

ஆகவே வடிகட்டி என்பது சமையலறைக் குழாயின் காவல்காரன். குளத்தையும் வாய்க்காலையும் அதனால் மீட்க முடியாது. குளத்தில் குளிக்கிறவருக்கும், மாட்டுக்கும், மீனுக்கும், நாற்றங்காலில் முழங்காலளவு தண்ணீரில் நாள் முழுதும் நின்று நாற்றுப் பறிக்கும் பெண்களுக்கும் அது துணைக்கு வராது.

சமையலறையிலும் ஒரு சின்னக் கவனம் வேண்டும். வடிகட்டியின் உள் உருளைக்கு ஆயுள் உண்டு. அது நிறைந்து விட்டதை ருசியோ நிறமோ காட்டிக் கொடுக்காது. மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் எழுதி வைத்துக் கொள்வதுதான் வழி. பத்து மாத விஷம் சேர்ந்த பழைய உருளையைக் கொல்லைப்புறக் கிணற்றோரம் எறிந்து விட்டு, 'தண்ணீர் சுத்தமாயிற்று' என்று நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் புதியதை மாட்ட வரும்போது பழையதை அவரிடமே கொடுத்தனுப்புவது நல்லது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2003 பிப்ரவரியில் டில்லியிலுள்ள விஞ்ஞானம் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரில் பூச்சி மருந்து இருப்பதை எடுத்துக் காட்டியது. ஆகஸ்டில் குளிர் பானங்களிலும். பார்லிமெண்டில் பெரிய அமளி. அதன் பலனாக 2004 ஜனவரி 1-ம் தேதி முதல் பாட்டில் தண்ணீருக்கு ஐரோப்பாவின் 0.1 மைக்ரோ கிராம் எல்லையே நம் நாட்டிலும் விதியானது. நல்ல காரியம். ஆனால் குழாயிலும் கைப்பம்பிலும் வரும் தண்ணீருக்கு 2012-ல் வெளியான இந்தியத் தர நிர்ணயத்தைப் பாருங்கள். அதில் குளோர்பைரிபாஸுக்கு எல்லை லிட்டருக்கு 30 மைக்ரோ கிராம். பாட்டிலை விட முன்னூறு மடங்கு!

நியாயமாகச் சொன்னால், முப்பது என்பது கண்ணை மூடிக் கொண்டு எழுதிய எண் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொன்ன எண்ணும் அதுவே. ஐரோப்பாவின் 0.1-க்குப் பின்னால் இருப்பது, குடிதண்ணீரில் இந்தச் சரக்குக்கு வேலையே இல்லை என்ற பிடிவாதம். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஒரு நாடு தேர்ந்தெடுக்கலாம். ஆனால் காசு கொடுத்துப் பாட்டில் வாங்குகிறவருக்கு ஒன்று, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடையில் குடத்தோடு பம்படியில் நிற்கிறவருக்கு இன்னொன்று என்றால், அதற்குக் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை.

மணலும் சீனியும் பள்ளிக்கூடங்களுக்கும் பம்படிக்கும் வடிகட்டியாக வந்து சேருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால் அந்த ஸ்பூனை வாய்க்காலுக்கு விடாமல் நிறுத்துவதற்கு ஐ.ஐ.டி. வேண்டியதில்லை. மருந்து கலக்கும்போது டப்பா காலியானதும் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. வாங்கிய மருந்து ஒரு சொட்டு வீணாகாமல் வயலுக்கே போகும். அந்த வகையில் லாபமும் கூட. பிறகு டப்பாவின் அடியில் ஓர் ஆணியால் ஓட்டை போட்டு விட வேண்டும், எண்ணெய் வாங்கவோ தண்ணீர் எடுக்கவோ யாரும் அதைத் தூக்கிக் கொண்டு போகாமலிருக்க. வேலை முடிந்ததும் டேங்கை அலம்ப வாய்க்கால் மதகுக்குப் போகாமல், மருந்தடித்த அதே வயலில் அலம்பிக் கொட்டினால் போதும்.